இரண்டு விநாடி

பிர்ச் மரத்தை நிற்க வைத்தது எதுவென்று
யாரும் கேட்பதில்லை.
நாரைக் காகிதக்காரர்கள் எடுத்துக்கொள்ள
சாராயத்தில் கரைந்து பிரிந்த மிச்சம்
பழுப்புத் தூளாய்ச் சாக்கில் வருகிறது.
ரசீதில்: லிக்னின், இருபது கிலோ.
கையில் அள்ளினால் காப்பிப்பொடி என்பீர்கள்.
ஒரு காடு புயலில் சாயாமலிருந்த காரணம் அது.

டௌகவா ஆறு உறைந்த வாரம்.
எங்கள் கூடத்தில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது,
ஐந்நூறு டிகிரி.
அடியிலிருந்து நைட்ரஜன் ஊத
தன்னைத் தண்ணீரென்று நம்பிப் புரளும் மணல்.
உள்ளே ஆக்சிஜன் இல்லை, தீப்பிடிக்க வழியில்லை.
எரிய அனுமதி இல்லாத சூட்டில்
ஒரு பொருள் என்ன செய்யும்?
உடையும்.

ஆனால் அதை அதுவரை கொண்டுசேர்ப்பதற்குள்
எங்கள் உயிர் போய்விடும்.
உடையும் முன்பே உருகத் தொடங்கும் அது;
திருகுக்குழாயின் கடைசிச் சாணில்
இளகி, ஒட்டி, அடைத்துக்கொள்ளும்.
இரவு இரண்டே கால். மோட்டார் முனகி நின்றது.
ஓயார்ஸ் சுத்தியலால் குழாயை மூன்று முறை தட்டினான்,
ஆளில்லாத வீட்டைத் தட்டுவதுபோல.
“வெளியே சுற்றிலும் பச்சைத் தண்ணீர் விடு, வெல்கா.
வாசல் வரைக்கும் அதற்குச் சூடு தெரியக் கூடாது.”
தெரியாமல் கூட்டிக்கொண்டு போனோம்.
மெல்லச் சுட்டால் கட்டிதட்டிக் கரியாகிறது.
ஒரே அறையாய் அறைந்தால்தான் ஆவி.

உள்ளே நடப்பதை நான் பார்த்ததில்லை.
கரும்பலகையில் வரைவோம், அவ்வளவுதான்:
ஒரு வளையம், இன்னொரு வளையம்,
நடுவே ஆக்சிஜன் பாலம்.
முதலில் அறுவது அந்தப் பாலம்.
அறுந்த முனைகளில் துணையில்லாத எலக்ட்ரான்
கையை நீட்டிக்கொண்டு நிற்கும்.
ஒரு ஹைட்ரஜன் அகப்பட்டால் அடங்கிவிடும்.
அறுந்த இன்னொரு முனையே அகப்பட்டால்
பழையதைவிட இறுகிய முடிச்சு,
எந்தச் சூட்டுக்கும் இனி அவிழாதது.

அதற்குத்தான் இந்த ஓட்டம்.
உடைந்தவை ஒன்றையொன்று கண்டுகொள்ளுமுன்
குளிர்குழாய்க்குள் இழுத்துவிட வேண்டும்.
இரண்டு விநாடி. அதற்குமேல் கருணை காட்டினால்
குழாயைச் சுரண்ட ஒரு நாள் போகும்.

விடியும்போது பதினான்காம் குடுவையில்
பாதிக்குக் கருஞ்சிவப்பு.
மூடியைத் திறந்தால் புகை, கிராம்பு,
எங்கோ அடியில் கொஞ்சம் வெனிலா.
சோதனைத் தாளில் தொட்டால் காடிபோல் புளிப்பு.
டீசலோடு கலக்காது, இரும்பை அரிக்கும்.
எண்ணெய் என்பது ஒரு மரியாதைக்கு.

ஆறாம் எண் டிராமில்
கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தி
என் கோட்டை மோந்துவிட்டுக் கேட்டாள்:
“சந்தையிலா வேலை?
புகைபோட்ட விலாங்கு கிலோ என்ன விலை?”
முப்பது யூரோ என்றேன்.
ரொம்ப அதிகம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
இறங்கும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அலமாரியிலிருந்து
பதினான்கை எடுத்துச் சாய்த்தேன்.
நகரவில்லை.
மூடிய கண்ணாடிக்குள், இருட்டில்,
தீயில்லாமல், யாரும் தூண்டாமல்,
நிதானமாக
ஒன்றையொன்று தேடிப் பிடித்திருக்கின்றன.
ஐந்நூறு டிகிரியில் நாங்கள் பறித்த இரண்டு விநாடியை
அவை மூன்று வாரமாகத் திருப்பி எடுத்திருக்கின்றன.

“மெத்தனால் கலந்திருக்க வேண்டும்,” என்றான் ஓயார்ஸ்,
“பத்துக்கு ஒன்று. தோல்வி என்று எழுது.”
பாகுநிலைக்கு நேரே
‘அளக்க முடியவில்லை’ என்று எழுதினேன்.
தோல்விக்குக் கட்டம் இல்லை அந்தத் தாளில்.

குடுவையைத் தாங்கியில் தலைகீழாக மாட்டிவிட்டுச்
சாப்பிடப் போனேன். கம்பு ரொட்டி, பீட்ரூட்.
திரும்பி வந்தபோது
வாய்விளிம்பு வரை இறங்கியிருந்தது ஒரே ஒரு சொட்டு.
கீழே தட்டு வைத்துக் காத்திருந்தேன்.
சாயங்காலம் விளக்கை அணைக்கும்போதும்
விழாமல்
நின்றுகொண்டிருந்தது.